மிக்சரும் டேப்லட்டும்: கலந்த ஒலியின் வரலாறு

விழா மலர் என்றால் பங்கின் வரலாறு, கோவில் எழுந்த வரலாறு, முன்னாள் பங்குத் தந்தையரின் நிழற்படங்கள், நன்கொடை அளித்தோர் பட்டியல் ஆகியவை இடம்பெறுவது மரபு. அவை யாவும் இம்மலரின் ஏனைய பக்கங்களில் முறைப்படி அமைந்துள்ளன. மலர்க்குழுவினர் நம்மிடம் கேட்டது ஒரு வரலாற்றுக் கட்டுரை. கோவில் வரலாற்றை நம்மினும் நன்கறிந்த பெரியவர்கள் எழுதிவிட்டபடியால், பீடத்தின் பின்னறை அலமாரியில் இருக்கும் இரண்டு பொருள்களின் வரலாற்றை எழுத முனைந்தோம். ஒன்று, குமிழ்கள் நிறைந்த மிக்சர். மற்றொன்று, நோட்டுப்புத்தக அளவேயுள்ள டேப்லட். மிக்சர் என்றவுடன் திருவிழாக் கடையில் காகிதப் பொட்டலத்தில் தருவதை யாரும் நினைக்க வேண்டா. ஆயினும் இரண்டிலும் நடைபெறுவது கலத்தலே.

இவ்விரண்டையும் ஒரு வயரால் இணைத்துப் பாடலைப் பதிவு செய்வது இன்று நம் இளைஞர்களுக்குக் கைவந்த வேலை. 2019ஆம் ஆண்டு தவக்காலத்தில் நமது பங்கிலும் அவ்வாறு ஒரு பதிவு நடந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நம் கோவிலில் பாடல்களை நடத்திய நமது உபதேசியார், வெள்ளிக்கிழமைகளில் பாடப்படும் பழைய தபசுக்காலப் பாட்டுகள் ஒன்பதை அன்று பாடினார். அந்தப் பாட்டுகளின் சொற்கள் கையெழுத்து நோட்டில் உண்டு. மெட்டுகளோ அவர் நெஞ்சில் மட்டுமே இருந்தன. அடுத்த ஆண்டின் மழைக்காலத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார். எஞ்சியிருப்பது அந்தப் பதிவொன்றே. அதில் நாம் செய்த பிழை ஒன்றும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. அது என்ன பிழை என்பது விளங்க வேண்டுமானால், நூறாண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

1925க்கு முன் ஒலிப்பதிவில் மின்சாரம் இல்லை. பாடுகிறவர் ஒரு பெரிய கூம்பின் வாய்க்குள் பாடுவார். கூம்பின் மறுமுனையிலுள்ள ஊசி, ஒலியின் அதிர்வை மெழுகுத் தட்டில் கீறும். ஒருவர் குரல் மெலிந்ததாயின் கூம்பருகே நிற்பார். எக்காளம் ஊதுகிறவரைச் சுவரோரம் தள்ளி நிறுத்துவர். ஆள்களை முன்னும் பின்னும் நிறுத்துவதே அன்றைய மிக்சர். பாட்டின் நடுவே தனிக் குரலுக்கு இடம் வந்தால், பாடகர் முன்னே நகர வேண்டும். முடிந்தவுடன் பின்னே நகர வேண்டும். நமது பாடகர் குழுவில் ஒரே மைக்குக்கு முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பவர்களைக் காணும்போதெல்லாம் நமக்கு இக்காட்சியே நினைவுக்கு வருகிறது.

1925இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தார் அமைத்த முறைப்படி, மைக்கும் மின்பெருக்கியும் கொண்ட ஒலிப்பதிவு அமெரிக்க இசைத்தட்டுகளில் புகுந்தது. அதன்பின் ஒரு மைக் போதாமல் இரண்டு, மூன்று, நான்கு என்று பெருகின. ஒவ்வொரு மைக்கின் வயரும் தனித்தனி வாய்க்காலைப் போன்றது. பல வாய்க்கால்கள் ஒரே ஏரியில் விழ வேண்டும். எந்த வாய்க்காலிலிருந்து எவ்வளவு நீர் விழ வேண்டும் என்பதை அடக்கி ஆள ஒவ்வொன்றிற்கும் ஒரு மதகு வேண்டும். அந்த மதகுகளின் வரிசையே மிக்சர். வானொலி நிலையங்களிலும் திரைப்படக் கூடங்களிலும் இருந்த தொடக்கக் கால மிக்சர்களில் மதகுகள் வட்டக் குமிழ்களாக இருந்தன. இரு கைகளால் இரண்டு குமிழ்களையே ஒரே நேரத்தில் திருக முடியும். நியூயார்க்கில் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் டாம் டௌட் என்பார், நேர்கோட்டில் மேலும் கீழும் தள்ளும் மதகுகளைத் தம் மிக்சரில் பொருத்திக்கொண்டார். பியானோ வாசிப்பவரைப் போலப் பத்து விரல்களாலும் பல மதகுகளை ஒருங்கே நடத்த அது வழி செய்தது. இளமையில் அணுகுண்டு ஆராய்ச்சியில் பணி புரிந்த பௌதிக மாணவர் அவர். பின்னாளில் கேளிக்கை இசையே அவர் தொழிலாயிற்று. இன்று நம் மிக்சரில் விரலால் தள்ளும் ஃபேடர்கள் அந்த வழி வந்தவையே.

ஆனால் எத்தனை மதகுகள் இருந்தாலும், ஏரியில் கலந்த நீரை மீண்டும் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிக்க இயலாது. ஒலிப்பதிவின் வரலாற்றில் அறிஞர்கள் பட்ட பாடெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

நாடாவில் பதியத் தொடங்கிய பின் ஒரு வழி பிறந்தது. ஒரே நாடாவின் அகலத்தில் இரண்டு, மூன்று, நான்கு தடங்களை அருகருகே வைத்தால், ஒவ்வொரு தடத்திலும் ஒவ்வோர் ஒலியைத் தனியே காக்கலாம். கலப்பதைப் பிறகு, நிதானமாகச் செய்யலாம். லெஸ் பால் என்ற கிதார் கலைஞரின் வேண்டுகோளின்படி ஆம்பெக்ஸ் நிறுவனம் எட்டுத் தடக் கருவியைச் செய்து 1957இல் அவருக்கு அளித்தது. அடுத்து அத்தகைய கருவியைப் பெற்றவர்களுள் மேற்கூறிய டாம் டௌடும் ஒருவர்.

இலண்டனிலோ அத்தனை வசதி அப்போது இல்லை. ஆபி சாலையிலிருந்த ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில் பீட்டில்ஸ் குழுவினர் தம் முதல் நெடுந்தட்டின் பெரும்பகுதியை 1963 பிப்ரவரி 11ஆம் நாள் ஒரே நாளில் பாடி முடித்தபோது, அவர்களுக்குக் கிடைத்தது இரண்டே தடங்கள். ஒரு தடத்தில் குரல்கள். மற்றொன்றில் இசைக் கருவிகள். இன்றும் அந்தத் தட்டின் ஸ்டீரியோ பதிப்பைக் கேட்டால், ஒரு காதில் குரலும் மறு காதில் கருவிகளும் ஒலிக்கும். பலர் இதைக் குறையென்று நகைப்பர். இரண்டு பக்கமும் தனித்தனியே கேட்பதற்காக அன்று அவ்வாறு பிரிக்கவில்லை. பிறகு இரண்டையும் அளவாகக் கலந்து ஒற்றை ஒலியாக்குவதற்காகவே பிரித்து வைத்தனர். கைக்கு எட்டிய இரண்டு தடங்களை அறிவோடு பயன்படுத்திய செயல் அது. இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

1967இல் அவர்களே 'சார்ஜெண்ட் பெப்பர்' தட்டைப் பதிந்தபோது தடங்கள் நான்காகியிருந்தன. நான்கும் நிரம்பியவுடன், அவற்றைக் கலந்து வேறொரு கருவியின் ஓரிரு தடங்களுக்கு மாற்றுவர். மீதமுள்ள தடங்களில் மேலும் பாடுவர். இவ்வாறு மாற்றும்போது செய்யும் முடிவு இறுதியானது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும், இன்னும் பாடப்படாத குரலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை முன்கூட்டியே ஊகித்துக் கலக்க வேண்டியிருந்தது.

அதன்பின் மிக்சர்கள் பெருத்தன. ரூபர்ட் நீவ் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1960களில் டிரான்சிஸ்டர் கொண்டு செய்த மிக்சர்களின் ஒலியை இன்றும் இசையுலகம் போற்றுகிறது. அவர் 2021இல், தமது 94ஆம் வயதில் காலமானார். சாலிட் ஸ்டேட் லாஜிக் என்ற மற்றொரு ஆங்கில நிறுவனத்தின் கதை கோவில் மக்களுக்குச் சுவையானது. 1969இல் காலின் சாண்டர்ஸ் அதைத் தொடங்கியபோது செய்தது மிக்சர் அன்று. குழாய் ஆர்கன்களின் கட்டைகளை மின்னணு முறையில் இயக்கும் அமைப்பு. ஆயிரக்கணக்கான குழாய்களுள் எது எப்போது திறக்க வேண்டும் என்று ஆளும் அறிவே, பின்னர் நூற்றுக்கணக்கான குமிழ்களை ஆளும் பெரிய மிக்சர்களுக்குக் கைகொடுத்தது. உலகப் புகழ் பெற்ற பாடல்கள் பல அந்த மிக்சர்களின் வழியே வந்தவை. அவற்றின் விலையோ, நம்மைப் போன்ற பங்குகள் கனவிலும் கேட்கக் கூடாதது.

ஏழைகளுக்கு வழி திறந்தது 1979இல். டியாக் நிறுவனத்தின் டாஸ்காம் பிரிவு 'போர்ட்டாஸ்டுடியோ 144' என்ற கருவியை வெளியிட்டது. சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைப் பதியும் கருவியும் ஒரு சிறு மிக்சரும் ஒரே பெட்டியில் அமைந்திருந்தன. 1982 தொடக்கத்தில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பாடகர் தம் வீட்டு அறையில் இக்கருவியை வைத்து, குழுவினருக்குச் சொல்லிக்கொடுப்பதற்கான மாதிரியாகச் சில பாடல்களைப் பதிந்தார். பின்னர் பெரிய கூடத்தில் குழுவோடு பாடியும் அந்தக் கேசட்டின் உருக்கம் வரவில்லை. அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற தட்டாக அவ்வாண்டே வெளிவந்தது. குருமட நாள்களில் நம்மிடம் இருந்தது ஒரே ஒரு மைக் உள்ளடங்கிய கேசட் பெட்டி மட்டுமே. மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பாடிப் பதிந்ததை எம்முடன் பயின்றோர் மறந்திருக்க மாட்டார்கள்.

1983இல் வெவ்வேறு நிறுவனங்களின் மின்னிசைக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மிடி என்ற பொது முறை வந்தது. பிறகு கணினி வந்தது. அந்தப் பகுதியை விரைந்து கடந்துவிடுவோம். அது யாவரும் அறிந்ததே.

2010 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் விற்பனைக்கு வந்தது. விளையாட்டுக்கும் படிப்பதற்கும் உரிய பலகை என்றே பலரும் எண்ணினர். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் கொரில்லாஸ் குழுவின் டேமன் ஆல்பர்ன், வட அமெரிக்கப் பயணத்தின்போது தங்கும் விடுதிகளில் அமர்ந்து பெரும்பாலும் ஐபேடிலேயே ஒரு தட்டு முழுவதையும் உருவாக்கினார். 'தி ஃபால்' என்ற அத்தட்டு அந்தக் கிறிஸ்துமஸ் நாளிலேயே குழுவின் இரசிகர்களுக்கு இலவசமாக அளிக்கப்பட்டது. 2011 மார்ச்சில் ஐபேடுக்கான கராஜ்பேண்ட் வந்தது. 2012இல் கியூபேசிஸ் வந்தது. ஒரு காலத்தில் பெரிய அறையை அடைத்திருந்த நாடாக் கருவிகள் யாவும் மடியில் வைக்கும் கண்ணாடிப் பலகைக்குள் அடங்கிவிட்டன.

ஆனால் மைக்கை எங்கே சொருகுவது? டேப்லட்டுக்கு அத்தகைய துளை இல்லை. இங்கேதான் பழைய மிக்சர் மீண்டும் தேவைப்பட்டது. கேமராவிலிருந்து படங்களை இறக்குவதற்கென்று ஆப்பிள் விற்ற ஒரு சிறு இணைப்பின் வழியே, யு.எஸ்.பி. பொது விதிக்குட்பட்ட ஒலிக்கருவிகளையும் ஐபேடோடு சேர்க்கலாம் என்பதைப் பயன்படுத்துவோர் கண்டுகொண்டனர். படத்துக்கென்று திறந்த கதவால் பாட்டு நுழைந்தது. டேப்லட் தரும் மின்சாரம் அற்பமாகையால், அதிக மின்சாரம் உறிஞ்சும் கருவியைச் சேர்த்தால் அது மறுத்துவிடும். சுவரிலிருந்து தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் மிக்சருக்கு அந்தத் தொல்லை இல்லை. 2012இல் மேக்கி நிறுவனம் வெளியிட்ட டி.எல். 1608 என்ற மிக்சரிலோ ஃபேடர்களே கிடையாது. ஐபேடை அதன் மேல் செருகினால் அதுவே மிக்சரின் முகமாகிவிடும். எடுத்துக்கொண்டு கோவிலின் கடைசி வாங்கில் அமர்ந்தும் ஒலியைத் திருத்தலாம்.

மிக்சரால் மற்றொரு நன்மையும் உண்டு. டேப்லட் ஒலியைத் துண்டு துண்டாக வாங்கி, கணக்கிட்டு, திருப்பி அனுப்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வழக்கமான அளவில், 256 மாதிரிகள் கொண்ட ஒரு துண்டுக்கு 6 ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிகள் ஆகும். அந்நேரத்தில் காற்றில் ஒலி 2 மீட்டர் தூரம் செல்லும். துண்டின் அளவு 1,024 ஆனால், அது 8 மீட்டருக்கு அப்பால் நிற்பவரின் குரலைக் கேட்பது போலாகும். அதுவும் போக ஒரு துண்டு, வர ஒரு துண்டு. தன் குரலே தாமதித்துக் காதில் விழுந்தால் எந்தப் பாடகரும் தடுமாறுவார். மிக்சரிலிருந்தே நேரே காதுக்குக் கொடுத்துவிட்டால் அந்தத் தாமதம் இல்லை. ஒரு எச்சரிக்கையும் கூற வேண்டும்: டேப்லட்டிலிருந்து திரும்பி வரும் ஒலியைச் சுற்றி மறுபடியும் டேப்லட்டுக்கே போகும்படி விட்டுவிட்டால், ஒலிபெருக்கிக்கு முன் மைக்கைக் காட்டியது போல ஊளையிடும். இதை நாம் ஒரு ஞாயிறு காலைப் பூசைக்குச் சற்று முன்னர் அனைவருக்கும் செய்து காட்டியிருக்கிறோம்.

நிற்க. இப்போது 2019க்கு வருவோம்.

நம்மிடமுள்ள சிறிய மிக்சரில் பல மைக்குகளைச் சொருகலாம். ஆனால் அதன் யு.எஸ்.பி. வயரில் டேப்லட்டுக்குப் போவது இரண்டே தடங்கள், இடம் ஒன்று வலம் ஒன்று. எட்டு மைக் சொருகினாலும் கலந்து இரண்டாகவே போகும். ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியே டேப்லட்டுக்கு அனுப்பும் மிக்சர்கள் உண்டு. அவற்றின் விலை கூடுதல். இந்த வேறுபாட்டை நாம் அறியவில்லை. குமிழ் எட்டு இருப்பதால் தடமும் எட்டு என்று நம்பினோம்.

உபதேசியார் பாட அமர்ந்தபோது நம்மை நோக்கி, "சாமி, பெட்டி வேண்டாம். இந்தப் பாட்டெல்லாம் பெட்டி இல்லாம பாடினதுதான். வெறும் குரலாப் பாடிடுறேன்" என்றார். ஆர்மோனியத்தையே அவர் பெட்டி என்பார். நாமோ, ஆர்மோனியம் இருந்தால்தான் பதிவு களை கட்டும் என்று வற்புறுத்தினோம். "உங்க இஷ்டம் சாமி" என்று கூறி அவரே வாசித்துக்கொண்டு பாடினார். மிக்சரைக் கவனித்த தம்பி, "ஃபாதர், ரெண்டையும் நடுவுல வச்சிடவா?" என்று கேட்டபோது, "நன்றாகக் கலந்து ஒன்றாக வரட்டும்" என்றவரும் நாமே.

ஆர்மோனியத்தில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே வழுக்கிச் செல்ல வழியில்லை. கட்டைக்குக் கட்டை தாவத்தான் முடியும். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதைத் தன் நிலையங்களில் தடை செய்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நம் பழைய பாட்டுகளின் உயிரோ, அழுகை போல இழுத்து வழுக்கும் அந்த இடைவெளிகளில் இருக்கிறது. உபதேசியாரின் குரல் எங்கே குழைந்ததோ அங்கேயே ஆர்மோனியம் அதன் மேல் அமர்ந்துகொண்டது. பொன்விழாவுக்காக நம் பாடகர் குழுவினர் அம்மெட்டுகளைக் கற்க முயன்றபோது, கேட்டுக் கேட்டுச் சலித்து, "ஃபாதர், பெட்டி பாடுறதுதான் கேக்குது, தாத்தா பாடுறது கேக்கலை" என்றார் ஒரு மகள்.

இரண்டு தடங்கள் போதும் என்பதை 1963இலேயே இலண்டனில் காட்டியிருந்தனர். நமது மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும், ஒலியை இடமோ வலமோ தள்ளும் ஒரு சிறு குமிழ் உண்டு. உபதேசியாரின் மைக்கை முழுதும் இடப்பக்கமாகவும், ஆர்மோனியத்தின் மைக்கை முழுதும் வலப்பக்கமாகவும் திருப்பியிருந்தால், அந்த மலிவான மிக்சரிலேயே குரல் ஒரு தடத்திலும் பெட்டி மறு தடத்திலும் விழுந்திருக்கும். ஓரளவு ஒன்றன் மைக்கில் மற்றொன்று கசிந்திருக்கும், அவ்வளவே. இரண்டு குமிழ்கள், அரைச் சுற்று.

கலந்ததைப் பிரிக்க இயலாது என்று மேலே எழுதினோம். அந்த வாக்கியம் அண்மைக் காலம் வரை உண்மையாயிருந்தது. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் 1970களின் இறுதியில் தம் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே பாடிக் கேசட்டில் பதிந்த ஒரு பாட்டு உண்டு. அவர் 1980இல் கொல்லப்பட்டார். எஞ்சிய மூவர் 1995இல் அதை நிறைவு செய்ய முயன்று கைவிட்டனர். பியானோவும் இரைச்சலும் குரலோடு ஒட்டிக்கிடந்ததே பெருந்தடை. பின்னர் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2021இல் வெளியிட்ட ஆவணப்படத்துக்காக, குரலையும் கருவியையும் பிரித்தறியக் கற்றுக்கொண்ட கணினி முறை ஒன்றை அவர் குழுவினர் உருவாக்கினர். அதைக் கொண்டு லெனனின் குரல் பிரித்தெடுக்கப்பட்டு, 'நவ் அண்ட் தென்' என்ற அப்பாடல் 2023 நவம்பர் 2ஆம் நாள் வெளிவந்தது. அவருடைய நிலையும் நம் உபதேசியாரின் நிலையும் ஒன்றே: தாமே வாசித்துத் தாமே பாடிய ஒரே பதிவு.

2024 மே மாதம் ஐபேடுக்கான லாஜிக் புரோ மென்பொருளில், கலந்த பாட்டிலிருந்து குரலைப் பிரிக்கும் 'ஸ்டெம் ஸ்பிளிட்டர்' என்ற வசதி சேர்க்கப்பட்டது. அதற்கேற்ற டேப்லட் நம்மிடம் இல்லை. பங்கிலுள்ள ஓர் அன்பர் தம்முடையதைத் தந்து உதவினார். ஒன்பது பாட்டுகளையும் அதில் ஏற்றினோம். சிறிது நேரத்தில், ஆர்மோனியம் அகன்று, அந்தப் பழைய குரல் மட்டும் அறையில் எழுந்தபோது, பாடகர் குழுவிலிருந்த அவர் மகள் எழுந்து வெளியே சென்றுவிட்டார். நாமும் சற்று நேரம் பேசவில்லை.

முழு வெற்றி என்று கூற மாட்டோம். ஆர்மோனியத்தின் ஒலியும் மனிதக் குரலும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நடமாடுபவை. நீண்ட இழுப்புகளில் கருவி இரண்டையும் குழப்பிக்கொண்டு, தண்ணீருக்கடியில் பாடுவது போலச் செய்துவிடுகிறது. ஆறு பாட்டுகளின் மெட்டுகளை நம் குழுவினர் இப்போது ஐயமின்றிப் பாடுகின்றனர். விழா நாளில் அவற்றுள் இரண்டைக் கேட்பீர்கள். மற்ற மூன்று பாட்டுகளில், குறிப்பாகத் தாயின் புலம்பலாக வரும் நீண்ட பாட்டில், குரல் எப்படி இறங்குகிறது என்பதை இன்னும் உறுதி செய்ய முடியவில்லை.

ஆகவே முதியோரிடம் ஒரு வேண்டுகோள். அந்த மூன்று பாட்டுகளை உபதேசியாரோடு சேர்ந்து பாடியவர்கள், அல்லது தம் தாய்மார் வீட்டில் பாடக் கேட்டவர்கள், ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்தபின் பீடத்தின் பின்னறைக்கு வரலாம். முழுவதும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு அடி தெரிந்தாலும் போதும். குரல் நடுங்குகிறதே என்று யாரும் தயங்க வேண்டா. மைக்கும் மிக்சரும் டேப்லட்டும் ஆயத்தமாயிருக்கும். ஒருவருக்கு ஒரு தடம். பெட்டி இராது.